நீருக்குள் இறங்கிய கமரா

மைக் வில்சனைச் சுயாதீன இயக்குநர் என்று சொன்னால் திரைப்பட வரலாறு எழுதுவோர் உடனே மறுப்பார்கள். காமினி பொன்சேகா நடித்து, அமரதேவ இசையமைத்து, 1962இல் திரையரங்குகளை நிறைத்த ‘ரன் முத்து தூவ’ அவர் இயக்கிய படம். வசூலான படம் சுயாதீனப் படமாகாது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. வசூல் என்பது படம் வெளிவந்தபின் நடப்பது. எதை, எங்கே, எப்படி எடுப்பது என்ற தீர்மானம் யார் கையில் இருந்தது என்று கேட்பதே முறை. அப்படிக் கேட்டால், வில்சனின் கமரா சுயாதீனமானது, அவர் சொன்ன கதை அப்படியல்ல என்பதே என் வாதம்.

முதற் சிங்களப் படம் 1947இல் மதுரைக் கலையகமொன்றில் உருவானது. கலையகத்தை விட்டு வெளியே வந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் ‘ரேகாவ’ 1956இல் புகழைப் பெற்றது, பணத்தைப் பெறவில்லை. அதே ஆண்டில் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்குடன் இலங்கைக் கடல்களில் சுழியோடத் தொடங்கிய வில்சன், திருகோணமலையின் சுவாமிமலை அடிவாரத்தில், போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் செதுக்குக் கற்களைக் கண்டார். அந்தக் கடலுக்குத்தான் பிறகு தன் படத்தையும் கொண்டுவந்தார். நாட்டின் முதல் முழுநீள வண்ணப்படத்தைக் கடலடியில் எடுக்கத் துணிந்தது சிறிய காரியமல்ல. நீருக்குள் சில மீற்றர் இறங்கியதுமே சிவப்பு மங்கத் தொடங்கிவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் கலங்கிக் கொந்தளிக்கும். தெளிவுக்குச் சோழகக் காலம்வரை காத்திருக்க வேண்டும். படப்பிடிப்பு நாளைக் கடல் குறிப்பதைக் கலையக முதலாளி எவரும் பொறுத்திருக்கமாட்டார். கிளார்க்கின் எழுத்து வருமானம் பின்னால் நின்றதே, அது சுயாதீனமா என்று கேட்கலாம். பணம் யாருடையதாயினும், கடலை விடு, அரங்கம் போடு என்று அந்தப் பணம் கட்டளையிடவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: வெளிநாட்டார் ஒருவர் நமது துறைமுகத்தை வெறும் காட்சிப்பொருளாக்கினார் என்பது. இதில் உண்மை இருக்கிறது. பிரித்தானியக் கடற்படை 1957இல்தான் அங்கிருந்த தன் தளத்தைக் கையளித்தது. தளத்தை நம்பியிருந்த குடும்பங்களின் கதை ஐந்தே வருடப் பழசாக எதிரில் கிடந்தது. வில்சன் எடுத்துக்கொண்டது கடலடிப் புதையல் வேட்டை. திஸ்ஸ லியனசூரியவுடன் இணைந்த ‘கெடவரயோ’வுக்குப் பின், 1967இல் ஜேம்ஸ் பொண்டைக் கேலிசெய்யும் ‘சொருங்கெத் சொரு’வுக்குப் போனார், பிறகு திரையுலகை விட்டு சுவாமி சிவகல்கி ஆனார். ஆனால் குறை அவர் வெளியாள் என்பதில் இல்லை. இயக்குநர் தர்மசேன பத்திராஜவும் யாழ்ப்பாணத்துக்கு வெளியாள்தான்; சிங்களவர். 1977இல் அங்கே தமிழில் ‘பொன்மணி’யை எடுத்தபோது எழுத்தைக் காவலூர் இராஜதுரையிடம் விட்டார். அந்தப் படம் திரையரங்கில் நிலைக்கவில்லையே என்பீர்கள். நிலைக்கவில்லைதான். ஆயினும் அன்றைய யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் பற்றிப் பேச வரும் எவரும் இன்றும் அதைத் தேடிப் பார்க்கிறார். 1962இன் திருகோணமலையைத் தேடி ‘ரன் முத்து தூவ’வுக்குப் போகிறவருக்குக் கடல் கிடைக்கும், துறைமுகத்தில் வேலையிழந்தவர்களை அவர் வேறெங்காவதுதான் தேட வேண்டும்.