குடிப்பழக்கம் நோயாகும்போது
(ஜமாஅத் பொதுக்குழுவில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

மது ஹராம் என்பதில் நம்மிடையே இரு கருத்தில்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் அதனைத் தெளிவாக்கிவிட்டது. ஆயினும், நம் மஹல்லாவின் சில இல்லங்களிலும் இத்தீமை நுழைந்திருப்பதை நாம் அறிவோம். மானம் கருதி மறைக்கிறோம். மறைக்க மறைக்க நோய் முற்றுகிறது.

குடிப்பவர் அனைவரும் மதுவுக்கு அடிமையானவர் அல்லர். அடிமையானவரை அறிய மருத்துவர்கள் சில அடையாளங்களை வகுத்துள்ளனர். குடிக்க வேண்டும் என்னும் அடங்காத வேட்கை. சிறிதளவு என்று தொடங்கி நிறுத்த இயலாமற்போவது. முன்பு போதுமாயிருந்த அளவு இப்போது போதாமற்போவது. குடிக்காத காலையில் கை நடுங்கி வியர்ப்பதும், அது தணிய மீண்டும் குடிப்பதும். தொழிலும் பிள்ளைகளும் பின்தள்ளப்படுவது. கல்லீரல் கெட்டுவிட்டதென மருத்துவர் கூறிய பின்னரும் தொடர்வது. உலக சுகாதார நிறுவனம் 1992இல் வெளியிட்ட நோய்ப் பட்டியல், இவ்வாறினுள் மூன்று ஓராண்டுக்குள் ஒருசேரக் காணப்பட்டால் அது அடிமை நிலை என்றது. 2022 முதல் நடைமுறையிலுள்ள பதிப்பு இவற்றை மூன்றாகத் தொகுத்து, இரண்டு இருந்தாலே போதும் என்கிறது.

அறிந்தபின் நாம் செய்யும் இரு தவறுகளையும் கூறியாக வேண்டும். பல்லாண்டுகள் நாள்தோறும் குடித்தவரை அறையில் பூட்டித் திடீரென நிறுத்துவது ஒன்று. ஓரிரு நாள்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் அறியாமல் உணவில் மாத்திரை கலப்பது மற்றொன்று. அம்மருந்தின்மேல் மது சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து மரணமும் நேரலாம். எதுவாயினும் மருத்துவர் மேற்பார்வையில், அவர் அறியவே நிகழ வேண்டும்.

குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றும் கூறினார்கள். புகாரியில் பதிவான இச்செய்தி நமக்குப் பாடமாகட்டும். ஏச்சும் ஊர்விலக்கும் அவரை இருட்டுக்கே தள்ளும்.

ஆகவே, அடையாளம் கண்டவுடன் அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்வோம். 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியிலும் தமிழில் ஆலோசனை பெறலாம். துணைக்கு ஆளில்லாத குடும்பத்தோடு ஜமாஅத்தார் ஒருவர் உடன் செல்லட்டும். கேட்டதை அவர் வெளியில் பேசாதிருக்கட்டும். தவ்பா செய்ய விழைபவருக்கு மருத்துவம் துணை நிற்கும்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களைக் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.