பிறந்த நாடு யாருக்குச் சொந்தம்?

(வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



படித்த படிப்பு ஒன்று, பார்க்கிற வேலை வேறொன்று என்பது நம் வீடுகளில் புதிய கதையல்ல. கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்த வாலிபர்கள், "இந்த நாட்டில் நமக்கென்ன இருக்கிறது?" என்று கேட்பதையும் நாம் அன்றாடம் கேட்கிறோம். அதே கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை சொன்ன ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம். அவர்தான் பால் ராப்சன்.

1898-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் பிறந்த கறுப்பின மைந்தர் அவர். தந்தை அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, பின்னர் பாதிரியாரானவர். மகன் உபகாரச் சம்பளத்தில் ரட்கர்ஸ் கல்லூரியில் படித்தார். படிப்பிலும் முதல் வரிசை, அமெரிக்கக் கால்பந்தாட்டத்திலும் முதல் வரிசை. 1923-ல் கொலம்பியாவில் சட்டப் பட்டமும் பெற்றார்.

வக்கீலாக வேண்டியவர் பாடகரானது எப்படி? வேலைக்குச் சேர்ந்த வக்கீல் ஆபீசில், ஒரு கறுப்பர் சொல்லித் தாம் எழுதுவதா என்று வெள்ளைக்கார ஸ்டெனோகிராபர் மறுத்துவிட்டார். ராப்சன் வெளியேறினார். பொழுதுபோக்காகத் தொட்ட நாடக மேடையே பிழைப்பாயிற்று. 1925-ல் நியூயார்க்கில், அடிமைகளாயிருந்த தம் முன்னோரின் பாடல்களைக் கொண்டே முழுக் கச்சேரி செய்தார். சட்டப் புத்தகம் தராத ஆயுதத்தை அந்தக் குரல் தந்தது!

பிறகு லண்டன் போனார். பிறந்த மண்ணில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது. பத்தாண்டுக்கு மேல் அங்கேயே குடியிருந்தார். அங்குதான் பசியோடு ஊர்வலம் வந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரைச் சந்தித்தார். 1938-ல் ஸ்பெயின் சென்று, பாசிஸத்தை எதிர்த்துப் போராடிய வீரர்களுக்குப் பாடினார். எங்கோ உள்ள உழைப்பாளியின் துயரத்தில் தம் ஜனங்களின் துயரத்தைக் கண்டவருக்கு வீட்டு நினைவு வந்தது. 1939-ல் அமெரிக்கா திரும்பினார்.

நாடு அவரை எப்படி வரவேற்றது? முதலில் புகழ்மாலை. 1943-ல் நியூயார்க் பிராட்வே அரங்கில் தொடங்கிய அவரது 'ஒத்தெல்லோ' 296 முறை நடந்தது. ஆனால் இனவெறிக் கொலைகளைக் கண்டித்து, சமாதானம் பேசியதும் கதவுகள் மூடின. 1950-ல் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. 1952-ல் கனடா எல்லைக்கு வந்தவர், அப்பால் போக முடியாமல் லாரி மீது நின்று பாடினார். 1957-ல் வேல்ஸ் தொழிலாளர் விழாவுக்குக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார்!

சோவியத் நாட்டின்மீது அவர் வைத்திருந்த பற்றைப் பற்றி இன்றும் விவாதம் உண்டு. 1956-ல் அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டியும் அதைத்தான் பிடித்துக்கொண்டது. ரஷ்யாவிலேயே தங்கியிருக்கலாமே என்று கேட்டது. அவர் சளைக்கவில்லை. என் தந்தை இங்கே அடிமையாயிருந்தார். என் ஜனங்கள் உயிரைக் கொடுத்து இந்த நாட்டைக் கட்டினார்கள். ஆகவே இங்கேயே இருப்பேன், என் பங்கும் இதில் உண்டு என்ற கருத்தில் பதில் சொன்னார்.

1958-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பின் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. அவ்வாண்டே அவரது அறுபதாவது பிறந்த நாள் நம் இந்தியாவிலும் கொண்டாடப்பட்டது. 1976-ல் அவர் காலமானார்.

தோழர்களே! நாட்டின்மேல் கோபம் வருவது துரோகமல்ல. ராப்சனுக்கும் வந்தது, விலகிப் போனார், திரும்பியும் வந்தார். ஆளுகிறவர்கள் மாறுவார்கள். வயலிலும் ஆலையிலும் வியர்வை சிந்தியவர்களின் பங்கு மாறாது. நினைத்த வேலை கிட்டவில்லையே என்று சோர்ந்திருக்கும் வாலிபனிடம் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: தம்பி, இது உன் பாட்டன் கட்டிய வீடு. கேட்க வேண்டியதை உள்ளே நின்று கேள்!