கேட்க ஒருவர் வேண்டும்

(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் "கொரோனாவும் குழந்தைகளின் படிப்பும்" என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொரோனா வந்து போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன, இப்போது அதைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நோய் போய்விட்டது. ஆனால் அந்த நாட்களில் விட்டுப்போன படிப்பு தானாகத் திரும்பி வருவதில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

2020-ல் உலகெங்கும் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைப்பட்டது. நம் கர்நாடகத்தில் மார்ச் மாதம் மூடிய பள்ளிகளில், 1 முதல் 5 வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 அக்டோபர் 25-ஆம் தேதி. ஏறக்குறைய 19 மாதங்கள்! அக்ஷரம் கற்கும் வயதில் 19 மாதம் என்பது சாமான்யமான இடைவெளி அல்ல.

தூரத்திலிருந்து பேசுவது மைசூருக்குப் புதிதில்லை. 1935-ல் மகாராஜா கல்லூரியின் மனோதத்துவப் பேராசிரியர் எம்.வி.கோபாலஸ்வாமி தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. 2020 அக்டோபரில் நம் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டுப் பட்டமளிப்பு விழாவில் பிரதமர் டில்லியிலிருந்தே வீடியோ மூலம் உரையாற்றினார். அதே ஆண்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு சந்தனா டி.வி.யில் பாடங்கள் வந்தன. தனியார் பள்ளிகள் ஆன்லைன் கிளாஸ் நடத்தின. ஆகவே பாடம் சொல்பவருக்குக் குறைவில்லை. பின் ஏன் இவ்வளவு நஷ்டம்?

முதல் காரணம் வசதி. ஒரே ஒரு மொபைல் உள்ள வீட்டில் அதை அப்பாவோ அம்மாவோ வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் குழந்தைக்கு ஏது வகுப்பு? 2021 ஆகஸ்டில் ஜான் டிரேஸ், ரீதிகா கேரா முதலியோர் கர்நாடகம் உள்ளிட்ட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 குழந்தைகளிடம் விசாரித்தார்கள். ஆன்லைனில் தவறாமல் படித்தவர்கள் கிராமத்தில் 8 சதவீதம், நகரத்தில் 24 சதவீதம்தான்.

இரண்டாவது காரணம்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வசதி இருந்த இடத்திலும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. நம் வீடுகளிலேயே பார்த்திருப்பீர்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள ஆன்லைன் வகுப்பில் சின்னக் குழந்தை பெயர் கூப்பிட்டபோது ஒரு 'பிரசன்ட்' சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்தது. ஆனால் அதே மொபைலில் பாட்டு கற்றுக்கொண்ட குழந்தை தேறியது. வேதம் படிக்கும் வித்யார்த்திகளும் குருவிடம் தனித்தனியாகச் சந்தை சொல்லி அத்தியயனத்தை விடாமல் நடத்தினார்கள்.

நான் பௌதிகம் படித்தவன். கொஞ்சம் சயின்ஸ் சொல்ல அனுமதியுங்கள். இணையம் வழியாக ஒலி போய்ச் சேரச் சிறிது நேரம் பிடிக்கிறது. விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் ஆனாலும் எல்லோரும் சேர்ந்து சொல்வது குலைந்துவிடும். ஆகவே குரு ஒரு முறை சொல்ல, சிஷ்யன் ஒருவனாக இரு முறை திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நிர்பந்தமே நன்மையாக முடிந்தது. ஸ்வரம் தப்பினால் குருவின் காதுக்கு அது தப்பாது. அங்கே கற்பிப்பவர் பேசியதைவிடக் கேட்டது அதிகம்.

இதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சான்று. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் 2020-ல் சுமார் 4,500 குடும்பங்களில் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு வாரந்தோறும் கணக்கு மட்டும் எஸ்.எம்.எஸ்.ஸில் போயிற்று. சிலருக்கு அதோடு சுமார் இருபது நிமிடம் ஒருவர் போனில் கூப்பிட்டுக் குழந்தையோடு பேசினார். போன் வந்த குழந்தைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். வெறும் எஸ்.எம்.எஸ். அவ்வளவு பலன் தரவில்லை. ஸ்மார்ட்போன் கூடத் தேவைப்படவில்லை!

நம் மாநிலத்திலும் 2020 ஆகஸ்டில் 'வித்யாகம' என்ற திட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் குழந்தைகள் இருக்குமிடம் தேடிப் போனார்கள். கோயில் திண்ணையும் மரத்தடியும் வகுப்பறை ஆயின. தொற்று பயத்தால் அக்டோபரில் அதை நிறுத்த வேண்டி வந்தது.

விளைவு? 2021 தொடக்கத்தில் அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் கர்நாடகம் உட்பட 5 மாநிலங்களில் 16,067 அரசுப் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்தது. 92 சதவீதம் பேர் முந்தைய ஆண்டு தெரிந்திருந்த மொழித் திறன்களில் ஒன்றையாவது இழந்திருந்தார்கள்.

இப்போது சரியாகிவிட்டதா? 'அஸர்' அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018-ல் 27.3 சதவீதம்; 2022-ல் 20.5, 2024-ல் 27.1. பார்த்தால் மீண்டுவிட்டதுபோல் தோன்றும். ஆனால் கவனியுங்கள். 2024-ல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் பள்ளி திறந்த பிறகு சேர்ந்தவர்கள். 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை. வாசிக்கத் திணறுகிறவர்கள் அவர்களில் இருந்தால், இந்த எண்ணிக்கை அவர்களைக் காட்டாது. அவர்கள் மேல்வகுப்புக்குப் போய்விட்டார்கள். பாடமோ அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

இங்குதான் நமக்கு வேலை இருக்கிறது. நம்மில் பலர் ரிடையர் ஆனவர்கள். நேரம் இருக்கிறது, போன் இருக்கிறது. இத்தனை வருஷம் இந்த ஊர்த் தண்ணீர் குடித்ததில் கன்னடமும் நன்றாக வரும். நம் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளை, அபார்ட்மென்ட் காவலாளியின் பெண் என்று ஆளுக்கு ஒரு குழந்தையை ஏற்றுக்கொள்வோம். வாரம் இருமுறை அரை மணி நேரம் போதும். நாம் பாடம் நடத்த வேண்டாம். குழந்தை கன்னடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கட்டும், நாம் கேட்போம். தடுக்கும் இடத்தில் எடுத்துக் கொடுப்போம். நேரில் வர முடியாத நாளில் போனில் கேட்போம்.

தமிழில் 'கேள்வி' என்றால் கேட்டறிதல் என்றும் பொருள், வினா என்றும் பொருள். வள்ளுவர் அதற்கு ஒரு அதிகாரமே வைத்தார். வேதத்துக்கும் 'சுருதி' என்றே பெயர். குழந்தை கேட்டுக் கற்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். குழந்தை சொல்வதைக் கேட்கவும் ஒருவர் வேண்டும் என்பதை இந்தக் கொரோனா நமக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.