மாற்றிச் சொன்ன ஊர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

விடுமுறைக் காலம் நெருங்குகிறது, பயணத்தைப் பற்றி ஏதேனும் சொல்லவேண்டும் என்று நம் காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். முன்பதிவு அலுவலகத்தில் நாள்தோறும் அமர்ந்திருப்பவனுக்கு அஃது எளிய கட்டளைதான். ஆயினும் இக்காலத்தில் நம் இல்லங்களில் பயணம் தொடங்குவது இரயில் நிலையத்தில் அன்று, பிள்ளைகளின் கைப்பேசியில். அங்கே நடைபெறும் ஒரு செயலைப் பற்றியே பேச விழைகிறேன். அதன் பெயர் வீ.பி.என்.

தாய்மார்கள் கவனித்திருக்கக்கூடும். சில வேளைகளில் கைப்பேசியின் உச்சியில் சிறு சாவியின் உருவம் ஒன்று தோன்றும். அப்பொழுது அந்தக் கைப்பேசி, தான் இருக்கும் ஊரை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். இணையத்தில் சேரும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்கள் உலகப் பகுதிவாரியாகத் தொகுதி தொகுதியாகப் பங்கிடப்படுகின்றன. நம் ஆசிய-பசிபிக் பகுதிக்கு அப்பணியைச் செய்யும் ஏப்னிக் என்னும் அமைப்பு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இருக்கிறது. எண்ணைக் கண்டதும், இவர் இன்ன நாட்டிலிருந்து வருகிறார் என்று விடுதிக்காரரின் தளம் பெரும்பாலும் அறிந்துகொள்கிறது. நாகபுரியில் எழுதிய கடிதத்தை இன்னோர் உறையிலிட்டுச் சிங்கப்பூர் நண்பருக்கு அனுப்பி, அவர் மேலுறையைப் பிரித்துத் தம் ஊர் அஞ்சல் முத்திரையோடு உரியவருக்குச் சேர்ப்பித்தால், பெறுபவர் கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்தது என்றுதானே எண்ணுவார்? வீ.பி.என். செய்வதும் அதுவே.

இதை நான் நூல் கற்று அறியவில்லை, பட்டு அறிந்தேன்.

என் அன்னையின் தமக்கையார் மணமாகிப் பினாங்கு சென்றவர். உடன்பிறந்தார் இருவரும் நேரில் கண்டு 28 ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்தியக் குடிமக்கள் விசா இன்றிச் சுற்றுலாவாக வந்து செல்ல மலேசிய அரசு 2023 டிசம்பர் 1 முதல் இடமளித்ததை அறிந்ததும், அம்மா தம் டிரங்குப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியம்மாவின் வீடு சிறியது. ஆகவே அருகே ஒரு விடுதியில் 4 இரவுகள் தங்குவதென முடிவு செய்தோம்.

கல்லூரியில் பயிலும் என் மகன் அந்தப் பொறுப்பை ஏற்றான். ஒரு மாலை அவன் ஓடிவந்து, "அப்பா! மலேசியாவிலிருந்து பார்ப்பதுபோல் திறந்தால் வாடகை குறைவாகக் காட்டுகிறது. 4,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்" என்றான். பார்த்தேன், உண்மைதான். அது மலேசியக் குடிமக்களுக்கென விடுதிக்காரர் வைத்த சலுகை வாடகை. நம் நாட்டிலிருந்து திறந்தால் கண்ணிலேயே படாது. பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஏதோ எழுதியிருந்தது. அதை அவனும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. பணம் செலுத்த வங்கி அனுப்பிய ஓ.டி.பி. எண்ணை உரக்கப் படித்துச் சொன்னவன் நான்தான். ஆகவே பிள்ளையை மட்டும் குறைகூற எனக்கு வாயில்லை.

பினாங்கில் விடுதியின் முகப்பில் நின்றோம். அங்கிருந்த பெண் புன்னகையோடு, "மைகாட்?" என்றாள். அஃது அந்நாட்டுக் குடிமக்களின் அடையாள அட்டை. நாங்கள் கடவுச்சீட்டுகளை நீட்டினோம். வெளிநாட்டார் தங்கினால், 2017 செப்டம்பர் 1 முதல் அறை ஒன்றுக்கு இரவு ஒன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அதற்காகவேனும் கடவுச்சீட்டு வெளியே வந்தே தீரும் என்பது எங்களுக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. சலுகை செல்லாது, அன்றைய முழு வாடகையைக் கட்டவேண்டும், செலுத்திய தொகையும் திரும்பாது என்றாள். எறும்பெழுத்தில் எழுதியிருந்தது இதுவே. கையிலிருந்த ரிங்கிட் போதவில்லை. எங்களை அழைத்துவந்த பெரியம்மாவின் பேரன், "பரவாயில்லை சித்தப்பா" என்று தன் பணப்பையைத் திறந்தான். ஊன்றுகோலோடு நின்றிருந்த அம்மா என் பக்கம் திரும்பி, "நாம் எந்த ஊர்க்காரர் என்று சொல்லியிருந்தாய்?" என்று கேட்டார்கள். எனக்கு விடை கூற நா எழவில்லை.

இரயில்வேயில் இதற்கு ஒப்பானது ஒன்று உண்டு என்று நண்பர்கள் வாதிடுவார்கள். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஒரே வண்டியில் புறப்படும் நிலையத்துக்கு ஓர் ஒதுக்கீடு, இடை நிலையங்களுக்கு வேறோர் ஒதுக்கீடு. இடை நிலையத்தில் இடம் கிடைக்காதவர், புறப்படும் நிலையத்திலிருந்தே சீட்டு வாங்கி, ஏறும் நிலையத்தை மாற்றிக்கொள்கிறார். நானே பலருக்கு இவ்வழியைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் முழுத் தொலைவுக்கும் கட்டணம் செலுத்துகிறார், பெயரையும் மாற்றவில்லை, விதியே அதற்கு இடம் தருகிறது. பினாங்கில் நாங்கள் செய்தது அதுவன்று. வேறொருவருக்குரிய சலுகையைக் கேட்டோம்.

இதே நிலையை எங்கும் காணலாம். தாஜ்மகாலில் 2018 டிசம்பரில் வகுத்த கட்டணப்படி இந்தியருக்கு 50 ரூபாய், வெளிநாட்டாருக்கு 1,100 ரூபாய். கல்லறை மண்டபத்துக்குத் தனியே 200. நாட்டை நிறுவ வேண்டியது நுழைவாயிலில். ஜப்பானிலோ தலைகீழ். அங்கே ஜப்பான் இரயில் பாஸ் என்னும் சீட்டு முதன்மையாக வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கானது. 7 நாள் சாதாரண வகுப்புச் சீட்டின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. எந்தத் தளத்தில், எந்த எண்ணோடு வாங்கினாலும், கடவுச்சீட்டில் குறுகிய கால வருகையாளர் முத்திரை இல்லையேல் சீட்டு கைக்கு வராது. கணினி ஏமாறலாம், முகப்பில் இருக்கும் குமாஸ்தா ஏமாறமாட்டார். என் இனத்தாரைப் பற்றி இவ்வளவேனும் பெருமை பேச அனுமதியுங்கள்.

கணினியும் எப்போதும் ஏமாறுவதில்லை. கடன் அட்டையின் முதல் சில இலக்கங்களே அதை வழங்கிய வங்கியைக் காட்டிக்கொடுக்கும். கைப்பேசியின் இருப்பிடக் கருவி வேறு இருக்கிறது. விமானக் கட்டணமோ நாழிகைக்கு நாழிகை மாறுவது. காலையில் கண்டதைவிட மாலையில் குறைந்தால், அது வீ.பி.என்.னின் அற்புதம் என்று நம் பிள்ளைகள் மகிழ்ந்துவிடுகிறார்கள்.

அப்படியாயின் இக்கருவியே தீயதா? அல்லவே அல்ல. வெளியூரில் இருக்கும் பணியாளர் அலுவலகக் கணினியைப் பாதுகாப்பாக அடைவதற்குப் பயன்படுவது இது. விடுதியிலும் விமான நிலையத்திலும் பொது வைஃபையில் இணையும்போது, இடையில் நிற்பவர் எட்டிப் பார்க்காமல் காக்கும். நம் நாட்டில் இதற்குப் பொதுத்தடை இல்லை. வீ.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமென்று செர்ட்-இன் என்னும் அரசு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. சில வெளிநாட்டு நிறுவனங்கள் அதற்கு இசையாமல் இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றிக்கொண்டன. வளைகுடாவில் பிள்ளைகள் வேலை செய்யும் குடும்பத்தார் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: குற்றம் புரியவோ அதை மறைக்கவோ இதைப் பயன்படுத்தினால், ஐக்கிய அரபு நாடுகளில் 2016-இல் வந்த சட்டத்திருத்தம் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்காம் வரை அபராதம் வகுத்தது.

இலவச வீ.பி.என். என்றால் இன்னும் அஞ்சவேண்டும். நம் கடிதங்களையெல்லாம் நம்பி ஒப்படைக்கும் இடைத்தரகர் ஊதியமே வாங்கவில்லையென்றால், அவர் வயிறு எப்படி நிரம்புகிறது? ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஓனாவோ என்னும் செயலி, பயனர்களின் கைப்பேசிப் பழக்கங்களைத் திரட்டித் தந்ததை அவர்களுக்குச் சரிவரத் தெரிவிக்காமைக்காக, ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023-இல் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

பினாங்குக் கதையை முடிக்காமல் விட்டால் என் மனைவி என்னை மன்னிக்கமாட்டாள். மூன்றாம் நாள் பினாங்குக் குன்றுக்குச் சென்றோம். கம்பியால் இழுக்கப்பட்டுச் செங்குத்தாக ஏறும் இரயில் அங்கே 1923 முதல் உண்டு. முன்னே நடுவழியில் வண்டி மாற வேண்டும். 2011 முதல் ஒரே வண்டி உச்சிவரை செல்கிறது. அங்கும் உள்நாட்டாருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டாருக்கு ஒரு கட்டணம். என் மகன் சீட்டு முகப்பில் நின்று, யாரும் கேட்குமுன்னே, "இந்தியா" என்று உரக்கச் சொன்னான்.

பெரியம்மா தம் மைகாட் அட்டையைக் காட்டிக் குறைந்த கட்டணத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு, "நான் இந்த ஊர்க்காரி. நீதான் வெளியூர்க்காரி" என்று தங்கையைக் கேலி செய்தார்கள்.

"நாகபுரியிலும் என்னை அப்படித்தான் சொல்கிறார்கள், அக்கா" என்றார்கள் அம்மா. இருவரும் ஒரே இருக்கையில் நெருக்கி அமர்ந்துகொண்டார்கள். வண்டி புறப்பட்டது.