தோற்றவர்களின் ஊருக்கு ஒரு நாள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சிவில் படித்தவன்தானே, ஏதாவது கட்டடத்தைப் பற்றிப் பேசு" என்றார் நம் சங்கச் செயலாளர். அப்படியே செய்கிறேன். ஆனால் நான் பேசப்போவது இடிந்துபோன கட்டடங்களைப் பற்றி.

எங்கள் செட்டில் மூன்று பேர், வருகிற மார்ச் மாதம் துனீசியா போகத் திட்டம் போட்டிருக்கிறோம். வட ஆப்பிரிக்காவில் மத்தியதரைக் கடலோரம் இருக்கிற நாடு. "சிங்கப்பூர், மலேசியா எல்லாம் இருக்கும்போது அங்கே என்னப்பா இருக்கு?" என்று அம்மா கேட்டார். ஹானிபலின் கார்த்தேஜ் அங்கேதான் இருக்கிறது. பினீசியர் வழிவந்த பியூனிக் மக்களின் தலைநகரம் அது. ரோமாபுரியோடு மூன்று போர்கள் நடத்தி, கி.மு. 146-இல் தோற்று அழிந்தது. ரோமானியர் அந்த மண்ணில் உப்பைத் தூவினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். பழைய நூல் எதிலும் அதற்கு ஆதாரம் கிடையாது. பின்னாளில் ரோமானியரே அதே இடத்தில் ஒரு பெரிய நகரத்தைக் கட்டினார்கள்.

முதல் திட்டத்தைப் போட்டவன் நான்தான். கடற்கரையில் இருக்கும் அந்தோனைன் குளியல் மண்டபம். அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த சக்வான் கால்வாய். கிளைகளையும் சேர்த்தால் அது சுமார் 130 கி.மீ. நீளம். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது, வெறும் சரிவுதான்! சர்வே வகுப்பில் லெவல் எடுக்கத் திணறிய நமக்கு அதன் அருமை தெரியும். அடுத்து, சுமார் 35,000 பேர் உட்காரக்கூடிய எல் ஜெம் அரங்கம். அப்புறம் துக்கா, ஸ்பெய்ட்லா. மொத்தம் ஐந்து நாள்.

காகிதத்தைப் பார்த்த நண்பன் கேட்டான்: "எல்லாம் ஜெயிச்சவன் கட்டினதா இருக்கே. தோத்தவன் வீடு எங்கேடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவே புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன்.

கார்த்தேஜின் நடுவே பிர்சா என்று ஒரு குன்று. அதன் உச்சியை ரோமானியர் வெட்டிச் சமப்படுத்தி, மண்ணைச் சரிவுகளில் தள்ளி, மேலே மன்றம் கட்டினார்கள். தள்ளிய மண்ணுக்கு அடியில் பியூனிக் வீடுகள் அப்படியே புதைந்து கிடந்தன. 1970-களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோண்டியபோது தெரு, படிக்கட்டு, வீட்டுக்கடியில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வெளியே வந்தன. அந்த வீடுகளுக்கு நடுவே ரோமானியரின் அஸ்திவாரத் தூண்களும் நிற்கின்றன. அழித்தவனின் மண்ணே காப்பாற்றியும் வைத்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு சைட்டில் அஸ்திவாரம் தோண்டும்போது பழைய செங்கல் தொட்டி ஒன்று தெரிந்தது. மேலே வளைவுக் கூரை, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. மேஸ்திரி என்னைவிட இருபது வயது மூத்தவர். "சார், ரொம்பப் பழசு போல இருக்கு. ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க" என்றார். "அண்ணே, காலையில கான்கிரீட் வருது" என்று சொல்லிவிட்டேன். ராத்திரியோடு ராத்திரியாக உடைத்து லாரியில் ஏற்றினோம். அளவு எடுக்கவில்லை. படம் எடுக்கவில்லை. அன்றைய ரிப்போர்ட்டில் 'தோண்டும் வேலை முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ரோமானியன் புதைத்ததைப் பிறகு தோண்டிப் பார்க்க முடிந்தது. நான் உடைத்ததை யாராலும் பார்க்க முடியாது.

துக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. அங்கே சுமார் 21 மீட்டர் உயரத்தில் ஒரு கல்லறைக் கோபுரம். அதில் லிபிய, பியூனிக் எழுத்துகள் இரண்டிலும் ஒரு கல்வெட்டு இருந்தது. அதைப் பெயர்த்தெடுக்க 1842-இல் பிரிட்டிஷ் தூதர் தாமஸ் ரீட் கோபுரத்தையே இடிக்க வைத்தார். கல்வெட்டு இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் கற்கள் அங்கேயே கிடந்ததால், 1908 முதல் 1910 வரை பிரெஞ்சு ஆய்வாளர் புவான்சோ கோபுரத்தைத் திரும்ப எழுப்பினார். கல் மிஞ்சினால் கட்டிவிடலாம். என் தொட்டியில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

ஆகவே திட்டத்தை மாற்றினோம். ஸ்பெய்ட்லா போய், கெர்குவான் வந்தது. போன் முனைக் கடற்கரையில் இருக்கும் இந்தப் பியூனிக் ஊர், முதல் போரின்போது, கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில், கைவிடப்பட்டது. ரோமானியர் அதன்மேல் எதையும் கட்டவில்லை. 1952-இல்தான் கண்டுபிடித்தார்கள். இன்று முழங்கால், இடுப்பு உயரச் சுவர்கள்தான் இருக்கின்றன. ஆனால் வீட்டுக்கு வீடு, காலை மடக்கி உட்கார்ந்து குளிக்கிற சின்னத் தொட்டி, தண்ணீர் கசியாத சிவப்புச் சாந்துப் பூச்சோடு இருக்கிறது. ராஜாவுக்கு அல்ல, சாதாரணக் குடும்பத்துக்கு! அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயில் கடுமை. மார்ச் முதல் மே வரை நல்லது. துனிஸிலிருந்து கார்த்தேஜுக்கு உள்ளூர் ரயில் இருக்கிறது. 'ஹானிபல்' என்றே ஒரு ஸ்டேஷன்! எல் ஜெம்மும் ரயில் பாதையில்தான். மற்ற ஊர்களுக்கு 'லுவாஜ்' என்ற வேன். நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். கெர்குவானுக்குக் கெலிபியா வரை வேனில் போய், அங்கிருந்து டாக்ஸி பிடிக்க வேண்டும். துனீசிய தினாரை நாட்டுக்குள் கொண்டுபோகவும் கூடாது, வெளியே எடுத்துவரவும் கூடாது.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் சைட்டில் நிற்பீர்கள். இடிக்கத்தான் வேண்டியிருக்கும்; இடிக்காமல் நம் தொழில் இல்லை. ஆனால் இடிப்பதற்கு முன் அரைமணி நேரம் நிறுத்துங்கள். டேப் பிடியுங்கள், படம் எடுங்கள், தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கான்கிரீட் லாரி காத்திருக்கும்.

அந்த மேஸ்திரிக்குப் போன வாரம் போன் செய்து பயணத்தைப் பற்றிச் சொன்னேன். "இந்தத் தடவையாவது போட்டோ எடுத்துட்டு வாங்க சார்" என்றார்.

எடுத்து வருகிறேன்.