முதல் சாவிக்கு முன்னே



வைகாசி கடைசியில் தென்காசிப் பக்கத்து கார் பட்டறைகளுக்குப் போனால் அவசரம்தான் முதலில் கண்ணில் படும். ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் ஐந்தருவிக்கும் பழைய அருவிக்கும் குளிக்க வருபவர்களை ஏற்றிக்கொண்டு வாடகை வண்டி ஓயாமல் ஓட வேண்டும். அதற்குள் எஞ்சினை இறக்கி, ரீபோர் அடித்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டுத் திரும்ப ஏற்றிவிட வேண்டும். வண்டிக்காரர் பக்கத்திலேயே நிற்பார். "அண்ணாச்சி, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துருவோமே!"

ஒரு வருஷம் அப்படி அவசரப்படுத்தியவன் நான்தான். வீட்டு அம்பாசடருக்கு எஞ்சின் வேலை முடிந்த சாயங்காலம். ஆயிலை ஊற்றினோம், சாவியைத் திருப்பினோம், உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் டேஷ்போர்டில் ஆயில் லைட் அணையவில்லை. "வந்துரும், வந்துரும்" என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். இரண்டு நிமிஷத்தில் கீழேயிருந்து டக் டக்கென்று சத்தம். சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், காலையில் கண்ணாடி மாதிரி இருந்த பேரிங்கில் நகத்தால் கீறியதுபோல வரிவரியாகக் கோடு. சில இடங்களில் மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது.

ஆயில் ஊற்றியிருந்தோமே, பிறகு ஏன்? எஞ்சினைப் பிரித்தால் ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவித்தான் மாட்டுவார்கள். ஆயில் போகும் துளைகள் காலி. ஃபில்டர் காலி. ஆயில் பம்பும் காய்ந்து கிடக்கிறது. நாம் ஊற்றுகிற ஆயில் அடியில் சம்ப்பில் போய் நிற்கும். அதை மேலே இழுக்க வேண்டிய பம்புக்குள் இருப்பது காற்று. கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள். குழாயில் தண்ணீர் இறங்கிப்போயிருந்தால் மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. குடத்தில் கொண்டுவந்து ஊற்றி, காற்றை வெளியேற்றிய பிறகுதான் சுவிட்சைப் போடுவோம். கீழப்பாவூர் விவசாயிக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே வேலையைத்தான் எஞ்சினுக்கும் செய்யச் சொல்கிறேன்.

ஓடுகிற எஞ்சினில் கிராங்க்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தலைமயிர் நுழையாத அந்த இடைவெளியில் ஆயில் படலம்தான் அத்தனை பாரத்தையும் தாங்குகிறது. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றியதும் அந்தத் துளை வழியாக ஆயில் மேலே ஏறி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் தள்ளிவிட்டது! அச்சு சுற்றும்போது ஆயிலுக்குள் அவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்கான கணக்கை 1886இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் போட்டுக் காட்டினார். ஆயில் இல்லையென்றால் அந்தப் படலமும் இல்லை. ஐடிலிங்கில் நிமிஷத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டாலும், பத்து விநாடி வறட்சியில் 130 தடவைக்கு மேல் இரும்பு உரசிவிடும்.

அதனால் எஞ்சின் ஓடும் முன்பே ஆயிலை மேலே ஏற்ற வேண்டும். சில அமெரிக்க எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்த வழியாகவே டிரில் மிஷினை வைத்து ஆயில் பம்பைச் சுற்றலாம். அம்பாசடரில் அது முடியாது. பம்புக்குத் தனி இணைப்பு. மாருதி 800இல் பம்பு கிராங்க்கின் முன்பக்கமே இருக்கிறது. ஆகவே நம் ஊர் வண்டிகளுக்கு ஸ்டார்ட்டர் மோட்டார்தான் வழி.

பூட்டும்போதே பேரிங்குகளுக்கு ஆயில் தடவி, பம்புக்குள் ஆயிலோ வாசலினோ நிரப்பிவிட வேண்டும். கெட்டி கிரீஸ் வேண்டாம், அது கரையாமல் போய் ஃபில்டரை அடைக்கும். நிமிர்ந்து நிற்கிற ஃபில்டர் என்றால் அதிலும் ஆயில் ஊற்றியே மாட்டலாம். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். காயில் வயரை எடுத்துவிடுங்கள், பெட்ரோல் வராமல் நிறுத்துங்கள். டீசல் வண்டியானால் டீசலை நிறுத்தி, ஹீட்டர் பிளக்கைக் கழற்றுங்கள். இப்போது ஸ்டார்ட்டரைப் போட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும், பேரிங்குக்குப் பாரம் குறைவு. பத்து விநாடி சுற்றி, ஸ்டார்ட்டர் சூடு ஆற விட்டு, மறுபடி பத்து விநாடி. ஆயில் லைட் அணைய வேண்டும். அணையவே இல்லையென்றால் பம்பைத்தான் பார்க்க வேண்டும், சாவியை அல்ல.

எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் அவசரம் கூடாது. ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவில் முதல் நாளே ஏற்றாதீர்கள். முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள், பூட்டும்போது உதிர்ந்த துகள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

எங்கள் அம்பாசடருக்கு மறுபடி பேரிங் போட்ட அன்று நான் வாயைத் திறக்கவில்லை. எஞ்சினின் மேல் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மெக்கானிக் அண்ணாச்சி குனிந்து நின்றார். ஸ்டார்ட்டர் சுற்றியது, நின்றது, திரும்பவும் சுற்றியது. வெளியே சாரல் பிடித்துவிட்டது. நாலாவது தடவை ராக்கர்களின் இடுக்கில் தேன் நிறத்தில் ஆயில் கசிந்து, மெல்ல வழிந்தது. "இன்னும் கடைசி ராக்கருக்கு வரல தம்பி, பொறுங்க" என்றார். அங்கேயும் வந்து சொட்டியதைப் பார்த்த பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு பிளக்கை எடுத்தார்.