அணைத்த பெட்டிக்குள் அடங்காத மின்சாரம்

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து தாத்தா காலத்து வால்வு ரேடியோ இறங்குவதும், 1978ஆம் ஆண்டு மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தபின் வாங்கிய படக்குழாய்த் தொலைக்காட்சி ஸ்டோர் அறையிலிருந்து வெளிப்படுவதும், அவற்றைக் கண்டதும் வீட்டில் ஒருவர் திருப்புளியைத் தேடத் தொடங்குவதும் சகஜமே. அந்த உற்சாகத்தை நான் குறை கூற மாட்டேன். ஜாலான் பாசாரில் உதிரிபாகக் கடைகள் இருக்கும்வரை பழுது பார்த்தல் ஓர் உயர்ந்த வித்தைதான். பிளக்கைக் கழற்றியாயிற்று, இனி அபாயமில்லை என்னும் நம்பிக்கைதான் எனக்கு அச்சம் தருகிறது.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் உண்மையில் சுமார் 325 வோல்ட். பிற்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் அது நேர்மின்சாரமாக மாறி, மின்தேக்கி என்னும் உருளையில் அந்த உச்சம்வரை நிரம்புகிறது. குழாயில் நீர் நின்ற பின்னும் மாடித் தொட்டியில் நீர் இருக்கும் என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கு வாசிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; மின்தேக்கியின் சுபாவமும் அதுவே.

வோல்ட் எண்ணிக்கையைக் கொண்டே அபாயத்தை அளப்பதும் பிசகு. வண்ணப் படக்குழாயில் 25,000 வோல்ட் வரை இருக்கும். எனினும் அணைத்தபின் அதில் தங்கும் சக்தி பெரும்பாலும் ஒரு ஜூலுக்கும் குறைவு. 325 வோல்ட்டில் நிரம்பிய 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கியிலோ பத்து ஜூலுக்கு மேல் உண்டு. அதற்காகப் படக்குழாய் சாது என்று கொள்ளலாகாது. அதிர்ச்சியில் வெடுக்கென்று இழுத்த கை குழாயின் கழுத்தில் மோதிக் கண்ணாடி சிதறுவதுண்டு. மேலும், ஒருமுறை மின்னிறக்கம் செய்தபின்னும் கண்ணாடிக்குள் ஊறியிருந்த மின்னூட்டம் சிறிது நேரத்தில் தானாக மீண்டும் தலைகாட்டும். படக்குழாயைத் தேர்ந்த தொழிலாளியிடம் விட்டுவிடுவதே உத்தமம்.

மெயின் போர்டில் மின்கசிவு விசை இருக்கிறதே என்று சிலர் தைரியம் கொள்வர். போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் பேதம் தோன்றினால் இணைப்பைத் துண்டிப்பதே அதன் கடமை. பிளக்கைக் கழற்றிய பெட்டியின் மின்தேக்கி உங்கள் சரீரத்தின் வழியே காலியாகும்போது அந்த விசைக்கு ஒன்றும் தெரியாது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகையில் அதன் மின்மாற்றிக்கு அப்பால் நிகழ்வதும் அதற்குத் தெரியாது. ஏறத்தாழ 2,000 வோல்ட்டை இடைவிடாது, பிராணனை வாங்கப் போதுமான அளவில் தரும் அந்த அடுப்பை வீட்டில் திறக்கவே வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மின்மாற்றியில்லாத பழைய வால்வு ரேடியோக்களில் வேறொரு கபடம் உண்டு. அவற்றின் உலோகச் சட்டகம் மின்கம்பியின் ஒரு முனையோடு நேராக இணைந்திருக்கும். பின்னாளில் யாரோ பிளக்கின் கம்பிகளை மாற்றிப் பூட்டியிருந்தால், குமிழ் கழன்றுபோன இடத்தில் துருத்திநிற்கும் இரும்புத் தண்டே 230 வோல்ட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

பெட்டியைத் திறந்துதான் ஆகவேண்டும் என்போர், பிளக்கைக் கழற்றிக் கண்ணெதிரே வைத்து, மாலை மழையில் ஈரமான சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நில்லாமல், வியர்வையைத் துடைத்து, இடக்கையை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு வேலை செய்வாராக. கைக்குக் கை பாயும் மின்சாரம் ஹிருதயத்தைக் கடந்தே செல்கிறது. மின்தேக்கியின் இரு முனைகளையும் திருப்புளியால் இணைத்துப் பொறி பறக்கவிடுவது வீரமல்ல. சுமார் 2,000 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளில் பற்றவைத்து, சில விநாடிகள் முனைகளில் வைத்திருந்து, 600 வோல்ட்டுக்குக் குறையாத மின்னளவியால் சோதித்து, முள் பூஜ்யத்தில் நின்றபின்னும் சற்றுப் பொறுத்து மறுபடி ஒருமுறை அளந்துவிட்டே கை வைக்க வேண்டும்.